ஊசி போட உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?



இந்த வாரம் ஏரிப் பாசனம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவில் வரும். இன்று எழுதப்போவதும் வரலாறுதான். ஆனால் என் வயிற்றில் இருந்த ஒரு கட்டியிலிருந்து தொடங்குகிற வரலாறு. பதிவு நீளமாக இருக்கும். சர்க்கரை உள்ளவர்களும், சர்க்கரை உள்ளவர்களை வீட்டில் வைத்திருப்பவர்களும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

தை மாதம் என் பழைய மாணவி ஒருத்தி மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தாள். பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவள். செவிலியர் வேலைக்குப் போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. "சாப்பிட்டுத்தான் போகணும்" என்று உட்கார வைத்துவிட்டு, வழக்கம்போல் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் பேனாவை எடுத்தேன்.

"சார், ஒரு நிமிஷம். எங்க போடுறீங்க, காட்டுங்க."

தொப்புளுக்கு இடப்பக்கம் காட்டினேன்.

"எப்பவும் இங்கயேதானா?"

"ஆமாம்மா. அங்க போட்டா வலியே தெரியறதில்ல."

அனுமதி கேட்டுக்கொண்டு விரலால் அந்த இடத்தைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கெட்டி. ஆறு வருடமாக என் உடம்பில் இருந்தது, எனக்கே தெரியாது.

"ஊசி போட உங்களுக்கு யார் சார் சொல்லிக் கொடுத்தது?"

யோசித்துப் பார்த்தேன். மருந்துக்கடைப் பையன்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் போட்டால் தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்துப் போகும் என்று விளக்கினாள். அந்த இடத்தில் உணர்ச்சி குறைவதால் வலிக்காது. வலிக்காததால் நாம் அங்கேயே போடுவோம். ஆனால் தடித்த இடத்திலிருந்து இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. ஒரு நாள் குறைவாகச் சேரும், ஒரு நாள் எதிர்பாராமல் அதிகமாகச் சேரும். எனக்கு 16 யூனிட்டில் ஆரம்பித்தது 38 யூனிட் வரை போயிருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அப்படியும் 9.6. ஒவ்வொரு முறையும் டாக்டர் சீட்டைப் பார்ப்பார், எண்ணைப் பார்ப்பார், இரண்டு யூனிட் கூட்டுவார். சட்டையைத் தூக்கச் சொன்னது இவள்தான்.

கிளம்பும்போது வாசலில் நின்று கண்டிப்பாக ஒன்று சொன்னாள். "நாளைக்கே இடத்தை மாத்தி இதே 38ஐப் போட்டுடாதீங்க. நல்ல இடத்துல முழுசா ஏறி, சர்க்கரை ஒரேயடியா கீழ போயிடும். டாக்டர்கிட்ட கட்டியைக் காட்டி, டோஸைக் குறைச்சு வாங்கிக்கிட்டு, அப்புறம் மாத்துங்க." வகுப்பில் நான் அதட்டிய அதே தொனி.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் நினைவு வந்தது.

1974இல் அம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பித்தார்கள். அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்ச். தினமும் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்க வைத்து அதில் போட்டு எடுக்க வேண்டும். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. இன்சுலின் குப்பி மண்பானைக்குள் இருக்கும். சர்க்கரை பார்க்கப் பெனடிக்ட் கரைசல். நீல நிறக் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுச் சோதனைக்குழாயைச் சூடுபடுத்துவோம். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இறங்கவில்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய் செங்கல் நிறம் வந்தால் அதிகம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அந்த நிறங்களை நன்றாகப் படிப்பார். பெரும்பாலும் செங்கல் நிறம்தான்.

அம்மா தொடையில் போட்டுக்கொள்வார். வலது தொடையில், ஒரே இடத்தில். அங்கே ஒரு கெட்டி இருந்தது. "ஊசிக் கட்டி" என்று நாங்கள் பேர் வைத்திருந்தோம். அது சர்க்கரை நோயில் வருவதுதான் என்று நினைத்துக்கொண்டோம். "அங்க போட்டா வலிக்கலடா" என்று அம்மா சொன்ன அதே வார்த்தையைத்தான் ஐம்பது வருடம் கழித்து நானும் என் மாணவியிடம் சொல்லியிருக்கிறேன். 1981இல் காலில் புண் வந்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இரண்டு வருடத்தில் போய்விட்டார். கட்டியால்தான் கால் போயிற்று என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கட்டியை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை என்பதைச் சொல்ல முடியும். பட்டம் வாங்கிய மகனான நானும் தொட்டுப் பார்க்கவில்லை.

வரலாற்று ஆசிரியனுக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். அம்மாவின் காலத்தில் இது யாருக்கும் தெரியாதா? தேடிப் படித்தேன். ஊசி போடும் இடத்தில் இப்படிக் கொழுப்பு மாறுவதை 1920களிலேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அறிவு ஐம்பது வருடமாக இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணை வரைதான் வரவில்லை. அதைக் கொண்டு வருகிற வேலை யாருடையது? அந்த வேலையைச் செய்தவர்கள் யார்? அதுதான் நான் இன்று சொல்ல வந்த வரலாறு.

இன்சுலின் வருவதற்கு முன்னாலிருந்து தொடங்குவோம். அப்போது சர்க்கரை நோய் வந்த குழந்தைகளைக் கொஞ்ச நாளாவது காப்பாற்ற ஒரே வழி, அமெரிக்காவில் ஃபிரெடெரிக் ஆலன் என்ற மருத்துவர் வகுத்த பட்டினி வைத்தியம். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்துக்கு 1919இல், பதினோரு வயதில் இந்த நோய் வந்தது. ஆலனிடம் கொண்டுபோனார்கள். அந்தச் சிறுமிக்குத் துணையாக பிளாஞ்ச் பர்ஜெஸ் என்ற செவிலியர் வந்தார். ஒவ்வொரு கவளத்தையும் எடை போட்டுக் கொடுப்பது, சிறுநீரைச் சோதிப்பது, எல்லாவற்றையும் எழுதி வைப்பது அவர் வேலை. இதற்கு நடுவில் பசியால் வாடும் பிள்ளைக்குப் பேச்சுத் துணையாகவும் இருக்க வேண்டும். 1922 ஆகஸ்டில் கனடாவின் டொராண்டோ நகருக்கு அவளை அழைத்துப்போனபோது அவளுடைய எடை சுமார் 20 கிலோ. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு!

டொராண்டோவுக்கு ஏன் போனார்கள் என்பது உங்களில் அறிவியல் படித்தவர்களுக்குத் தெரியும். 1921இல் பான்டிங்கும் பெஸ்டும் அங்கேதான் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று லெனார்டு தாம்சன் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அது சரியாகச் சுத்தம் செய்யப்படாததால் பெரிய பலன் இல்லை. காலிப் என்ற வேதியியலாளர் சுத்திகரித்துக் கொடுத்த மருந்தை ஜனவரி 23 அன்று போட்டபோது பையன் தேறினான். எலிசபெத்தும் பிழைத்தாள். தனக்குத் தானே ஊசி போடக் கற்றுக்கொண்டாள். திருமணம் செய்து, மூன்று பிள்ளைகள் பெற்று, 1981 வரை வாழ்ந்தார். இன்சுலின் அவரைக் காப்பாற்றியது என்று புத்தகங்கள் எழுதும். அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்சுலின் வரும் வரைக்கும் அவர் உயிரோடு இருந்ததில் ஒரு தராசுக்கும், ஒரு நோட்டுப் புத்தகத்துக்கும், ஒரு செவிலியருக்கும் பங்கு உண்டு.

அதே ஆகஸ்ட் மாதம், 7ஆம் தேதி, பாஸ்டன் நகரில் எலியட் ஜாஸ்லின் என்ற மருத்துவர் தன் முதல் இன்சுலின் ஊசியைப் போட்டார். போட்டுக்கொண்டவர் எலிசபெத் மட்ஜ். அவரும் ஒரு செவிலியர். பல மாதமாக வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் எலும்பும் தோலுமாகக் கிடந்தவர், சில வாரங்களில் எழுந்து நடந்தார்.

ஜாஸ்லின் ஒன்றைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். இந்த நோயில் தினமும் மருந்து கொடுப்பது டாக்டர் இல்லை, நோயாளியேதான். ஆகவே நோயாளிக்குப் பாடம் நடத்த வேண்டும். இன்சுலினுக்கு முன்பே, 1918இல், நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து பயன்படுத்த ஒரு கையேடு எழுதியவர் அவர். பிறகு செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்து நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பினார். "அலையும் செவிலியர்கள்" என்று அவர்களுக்குப் பெயர். வீட்டில் தங்கி, அந்த வீட்டு அடுப்படியில் நின்று, அந்த வீட்டுச் சாப்பாட்டை வைத்தே அளவு சொல்லிக் கொடுப்பார்கள். ஊசி போடக் காட்டிக் கொடுத்து, பிறகு போடச் சொல்லிப் பார்ப்பார்கள். ஆசிரியர் பயிற்சியில் நமக்குச் சொன்னதும் இதுதானே: செய்து காட்டு, செய்யச் சொல், பார், திருத்து.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் ஜோன் வாக்கர் என்ற பெண் மருத்துவர் 1950களில் இதே வழியில் போனார். சர்க்கரை நோய் மருத்துவமனையோடு சுகாதாரச் செவிலியர்களைச் சேர்த்து, அவர்களை வீடு வீடாகப் போகச் செய்தார். சர்க்கரை நோய்க்கென்றே தனிச் செவிலியர் என்ற பதவி பின்னால் அந்த நாட்டில் வளர இது ஒரு வித்து. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகர அரசு மருத்துவமனையில் லியோனா மில்லர் என்ற மருத்துவர் இன்னும் எளிமையாக ஒன்று செய்தார். அங்கே வருகிற ஏழை நோயாளிகளுக்கு ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். சந்தேகம் வந்தால், வாந்தி வந்தால், மருந்து தீர்ந்தால் கூப்பிடலாம். கூடவே பயிற்சி பெற்ற செவிலியர்களிடம் பெரும் பொறுப்பைக் கொடுத்தார். சர்க்கரை ஏறி மயக்கத்தில் வந்து சேர்கிறவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது என்று 1972இல் எழுதினார்கள்.

இவ்வளவு நடந்தும், பெரிய மருத்துவர்களிடையே ஒரு சண்டை தீரவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் உண்மையிலேயே கண்ணும் சிறுநீரகமும் தப்புமா? தப்பும் என்றார் ஜாஸ்லின். விதிப்படிதான் நடக்கும், கட்டுப்பாட்டால் பெரிய வித்தியாசமில்லை என்றவர்களும் இருந்தார்கள். சான்று வேண்டுமென்றால் அளக்க ஒரு கோல் வேண்டும். 1968இல் ஈரானின் சாமுவேல் ரஹ்பர் கண்டறிந்து எழுதியதிலிருந்து அந்தக் கோல் பிறந்தது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ள முடியாது! அதுதான் ஹெச்பிஏ1சி.

1983இல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 29 மையங்களில், முதல் வகை சர்க்கரை நோய் உள்ள 1,441 பேரை இரண்டு பிரிவாக்கி ஆய்வு தொடங்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்குத் தினமும் மூன்றோ அதற்கு மேலோ ஊசி அல்லது பம்ப், நாளுக்கு நான்கு முறை ரத்தச் சோதனை, மாதம் ஒரு முறை நேரில் சந்திப்பு, இடையிடையே அடிக்கடி தொலைபேசி. அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவர்கள் பெரும்பாலும் செவிலியர்களே. 1993இல் முடிவு வந்தது. ஒரு பிரிவின் சராசரி 9க்குப் பக்கம், மற்றதன் சராசரி 7க்குப் பக்கம். கண் விழித்திரை கெடும் ஆபத்து 76 சதவீதம் குறைந்திருந்தது. நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. ஆனால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துபோவது மூன்று மடங்கு ஆனது. அதனால்தான் கட்டுப்பாட்டோடு கண்காணிப்பும் வேண்டும் என்கிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கிற இரண்டாம் வகைக்கும் இங்கிலாந்தில் 5,102 பேரைச் சேர்த்து இருபது வருடம் நடந்த ஆய்வு 1998இல் இதே திசையில் தீர்ப்புச் சொன்னது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த முதல் ஆய்வு முடிந்த பிறகு நடந்தது. ஆய்வு முடிந்ததும் எல்லோரும் அவரவர் மருத்துவரிடம் திரும்பிப் போனார்கள். சில வருடங்களில் இரண்டு பிரிவினருமே ஏறக்குறைய 8க்கு வந்து நின்றார்கள். ஏழில் இருந்தவர்களால் ஏழில் நிற்க முடியவில்லை. அதே மனிதர்கள், அதே இன்சுலின். ஆனால் மாதம் தவறாமல் பார்த்து, இடையில் கூப்பிட்டு விசாரித்த ஆள் இல்லை. (நல்ல காலத்தில் கிடைத்த பலன் பிறகும் பல வருடம் கண்ணையும் சிறுநீரகத்தையும் காத்தது என்பது ஆறுதலான செய்தி.)

2002இல் வந்த ஒரு தொகுப்பாய்வு எனக்காகவே எழுதியது போலிருந்தது. இரண்டாம் வகை நோயாளிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாடம் முடிந்த கையோடு பார்த்தால் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.76 குறைகிறது. சில மாதம் விட்டுப் பார்த்தால் பலன் 0.26ஆகத் தேய்ந்துவிடுகிறது. ஒரு முழுப் புள்ளி குறைய வேண்டுமென்றால் எவ்வளவு நேரம் சொல்லிக் கொடுக்க வேண்டும்? கணக்குப் போட்டிருக்கிறார்கள்: 23.6 மணி நேரம். நம் பள்ளிக்கூடக் கணக்கில் 45 நிமிடப் பீரியட் சுமார் 32. வாரம் நான்கு பீரியட் என்றால் இரண்டு மாதப் பாடம்! எனக்கு ஆறு வருடத்தில் கிடைத்ததைக் கூட்டினால் ஒரு பீரியட் தேறாது. பாடம் நடத்தாமலே பரீட்சை வைத்து, மார்க் குறைந்தால் பையனைத் திட்டுகிற வாத்தியார் மாதிரிதான் பல இடங்களில் நடக்கிறது. "வாயைக் கட்டுங்க" என்று திட்டு வாங்காத சர்க்கரைக்காரர் நம் ஊரில் உண்டா?

டாக்டர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வெளியே நாற்பது பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது அவரால் 32 பீரியட் எடுக்க முடியாது. அதற்கு வேறு ஆள் வேண்டும். நம் பக்கத்திலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 10 மருத்துவமனைகளில் 1,146 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒரு பிரிவு நோயாளிகளுக்கு, தொடர்ந்து கூப்பிட்டு விசாரிக்கும் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரும், மருத்துவருக்குச் சிகிச்சையை நினைவூட்டும் கணினி ஏற்பாடும் கிடைத்தன. சர்க்கரை மட்டுமல்லாமல் ரத்த அழுத்தம் அல்லது கொழுப்பையும் சேர்த்துக் கட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் அந்தப் பிரிவில் இரண்டு மடங்குக்கு மேல்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டிக்கு அப்படி ஒரு பெண் வருகிறாள். மாத்திரையைக் கொடுத்துவிட்டு உடனே போவதில்லை. போன மாத அட்டையைக் கையில் எடுத்து, "ஏன் பாட்டி ஆறு மாத்திரை மிச்சம்?" என்று கேட்கிறாள். பாட்டி உண்மையைச் சொல்கிறார்: "வெள்ளிக்கிழமை விரதம்மா, வெறும் வயித்துல போட பயம்." அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் வந்ததால்தான் அந்தப் பதில் வந்தது. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். அத்தனை பேருக்கும் இப்படிக் கேட்க ஒருவர் வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். டாக்டரிடம் கட்டியைக் காட்டினேன். அவரும் அழுத்திப் பார்த்து, "நான் முன்னாலேயே பார்த்திருக்கணும் சார்" என்றார். அப்படிச் சொல்வதற்கு நல்ல மனது வேண்டும். 38ஐ 28ஆகக் குறைத்தார். மாணவி வாட்ஸ்அப்பில் படம் வரைந்து அனுப்பினாள். வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்து, வாரம் ஒரு கட்டம், ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் அகலம் தள்ளி. முதல் இரண்டு வாரம் தினமும் நான்கு முறை சோதித்து எண்ணை அவளுக்கு அனுப்பினேன். ஒரு நாள் அனுப்ப மறந்தால் இரவு போன் வரும்: "சார், ஹோம்வொர்க் எங்க?" போன வாரம் வந்த ஹெச்பிஏ1சி 7.7. மருந்து கூடவில்லை, குறைந்திருக்கிறது.

நண்பர்கள் வாழ்த்துகிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். "வலிக்கலடா" என்று அவர் சொன்னபோது "எங்கே, காட்டும்மா" என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

பழக்கம் விடவில்லை, ஆகவே வீட்டுப்பாடம் கொடுத்து முடிக்கிறேன். இன்சுலின் போடுகிறவர்கள் இன்று குளிக்கும்போது ஊசி போடும் இடத்தைச் சோப்பு விரலால் தடவிப் பாருங்கள். கெட்டியாகவோ தடிப்பாகவோ இருந்தால் டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்டுங்கள். அவர்களைக் கேட்காமல் இடத்தையும் அளவையும் நீங்களாக மாற்றாதீர்கள். குப்பியில் மருந்து எடுப்பவர்கள், குப்பியில் 40 என்று இருந்தால் சிரிஞ்சிலும் 40, 100 என்று இருந்தால் 100 இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால், இன்று போனில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதோடு "ஊசி எங்க போடுறீங்க, காலைப் பார்த்தீங்களா" என்றும் கேளுங்கள்.

என் மாணவர்களில் செவிலியராக இருக்கிறவர்கள் இருபது பேருக்கு மேல் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். நீங்கள் செய்வதும் வாத்தியார் வேலைதான் என்று எனக்கு இவ்வளவு நாள் கழித்துத்தான் புரிந்தது. யாருக்காவது சரியாகச் சொல்லிக் கொடுத்த, அல்லது சொல்லிக் கொடுக்க நேரம் கிடைக்காமல் போன அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்